கிழக்கு பார்த்த பால்கனி: முதலில் வாட்டம், அப்புறம் அலங்காரம்

உங்கள் கேள்வி இதுதான்: மேடவாக்கம் பக்கம் ஏழாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி, பத்தடிக்கு ஐந்தடி. போன கார்த்திகையில் சாரல் அடித்து ஹால் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வருடம் மழைக்கு முன்னால் செயற்கைப் புல், மூங்கில் தட்டி, ஊஞ்சல், செடிகள், சீரியல் விளக்கு எல்லாம் வைத்து அழகுபடுத்த நினைக்கிறீர்கள். சாரலை நிறுத்த, உள்ளே இருந்தபடியே வெளியே பார்க்கிற மாதிரி பிவிசி திரை போட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. திரை சாரலைக் குறைக்கும், அவ்வளவுதான். ஹாலுக்குள் தண்ணீர் வந்ததற்கு முக்கியமான காரணம், பால்கனிக்குள் விழுந்த தண்ணீர் வேகமாக வெளியேறாததாகத்தான் இருக்கும். கட்டடப் பராமரிப்பு வேலையில் நான் பார்க்கிற பால்கனிப் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். மழை உள்ளே வரட்டும், வந்தது நிற்காமல் போகட்டும் என்று வைத்துக்கொண்டு திட்டமிட்டால் செலவும் குறையும், அலங்காரமும் பாழாகாது.

உங்கள் பால்கனியின் திசையை முதலில் கவனியுங்கள். சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் கிழக்கும் வடக்கும் பார்த்த பால்கனிகள்தான் நேரடியாக அடி வாங்கும். மேற்குப் பால்கனிக்காரர்களுக்கு ஆடி ஆவணியில் சாயங்கால இடிமழை ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டு நின்றுவிடும். உங்களுக்கோ இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும். ஏழாவது மாடியில் காற்றைத் தடுக்க மரமோ பக்கத்துக் கட்டடமோ இருக்காது. மேல் வீட்டின் தளம் கூரையாக இருந்தாலும், சாய்ந்து வருகிற மழைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பத்துக்கு ஐந்தடி என்றால் சுமார் 4.6 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்து, அதில் பாதி மட்டும் சாய்ந்து உள்ளே வந்தாலும் 115 லிட்டர். வடிகால் அடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் தரையில் சரியாக இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஒரு அங்குலம் நிற்கும். பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் ஹாலுக்கும் பால்கனிக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரைதான். போன வருடம் உங்கள் ஹாலுக்குள் எப்படி வந்தது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை பால்கனியை முழுக்கக் காலி செய்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஜாலிக்கு (வடிகால் துளையை மூடியிருக்கும் சல்லடைத் தட்டு) எதிர் மூலையில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தானாக ஜாலியை நோக்கி ஓட வேண்டும். இதைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் எங்கே குட்டை கட்டியிருக்கிறது என்று தெரியும். சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே எந்தப் பொருளும் வைக்கக் கூடாது. குட்டை ஹால் கதவை ஒட்டி இருந்தால் டைல்ஸைப் பெயர்த்து வாட்டம் திருத்துவதுதான் சரியான வழி. வேறு மூலையில் கொஞ்சம் நின்றால் விளக்குமாறால் தள்ளிவிட்டுக்கொள்ளலாம், அதற்காகத் தரையை உடைக்க வேண்டியதில்லை.

ஜாலி தட்டையாக இருந்தால் ஒரே ஒரு வாதாம் இலை போதும், முழுசாக மூடிவிடும். நடுவில் குவிந்து மேலே எழும்பியிருக்கிற ஜாலி கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள். இலை ஒட்டினாலும் பக்கவாட்டில் தண்ணீர் இறங்கும். கரப்பான் வராமல் இருக்க உள்ளே மூடி போன்ற அமைப்பு வைத்திருந்தால், மழை மாதங்களில் கழற்றி வையுங்கள். அது ஓட்டத்தைப் பாதியாக்கிவிடும். ஜாலியைத் தூக்கிவிட்டுக் கையுறை போட்டு உள்ளே கைவிட்டுப் பாருங்கள். தேங்காய் நார்க்கழிவும் தொட்டி மண்ணும் சேர்ந்து களிமாதிரி ஒட்டியிருக்கும். எடுத்த பிறகும் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு மெதுவாக இறங்கினால் அடைப்பு கீழே குழாயில் இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தில் சொல்லி மொட்டை மாடியிலிருந்து குழாயைச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அதனால் பல குடியிருப்புகளில் இந்தக் குழாய் நேராகச் சேகரிப்புக் குழிக்குத்தான் போகிறது. வாஷிங் மெஷின் பால்கனியில் இருந்தால் அதன் சோப்புத் தண்ணீரை இந்த ஜாலியில் விடாதீர்கள்.

அடுத்து சறுக்குக் கதவு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கதவு ஓடுகிற தடத்தில், வெளிப்பக்கச் சுவரில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். காற்று தள்ளுகிற மழைநீர் தடத்துக்குள் விழுந்து, அந்தத் துளைகள் வழியே வெளியே வடிய வேண்டும். தடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடியில் பால்கனிப் பக்கம் வடிந்தால் நல்லது. அப்படியே நின்றாலோ, ஹால் பக்கம் வழிந்தாலோ துளை அடைத்திருக்கிறது. தூசியாக இருந்தால் பழைய பல்துலக்கியும் மெல்லிய கம்பியும் போதும். சில வீடுகளில் கதவு மாட்ட வந்தவர்களே அந்தத் துளையின் மேல் சிலிக்கான் பூசிவிட்டுப் போயிருப்பார்கள். பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். கதவின் ஓரத்தில் ஓடும் உரோமப் பட்டை தேய்ந்து வழுக்கையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள், மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

கதவுச் சட்டமும் சுவரும் சேரும் கோட்டில் விரிசல் இருந்தால் சிலிக்கான் அடிக்கலாம். பழைய சிலிக்கானின் மேல் புதியது ஒட்டாது, சுரண்டி எடுத்துவிட வேண்டும். ட்யூபில் ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கிற மலிவான வகை கண்ணாடிக்குச் சரி. சிமெண்டில் சரியாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அடித்த பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது.

டைல்ஸ் இடைவெளிகளில் ஒயிட் சிமெண்ட் உதிர்ந்திருந்தால் அந்தக் கோடுகளைக் கீறி, எபாக்ஸி கிரவுட் நிரப்புங்கள். டைல்ஸை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள்; டொக்கு சத்தம் வந்தால் அடியில் வெற்றிடம் இருக்கிறது, தண்ணீர் அங்கே தங்கி உங்களுக்குக் கீழே இருப்பவரின் கூரையில் ஓதமாக இறங்கும். கம்பிக் கிராதியின் கால்கள் கைப்பிடிச் சுவரில் இறங்கும் இடங்களையும் குனிந்து பாருங்கள். தண்ணீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு உப்பிச் சுவரையே பிளக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்து, அதற்கு மேல் எனாமல், காலைச் சுற்றிச் சிலிக்கான். பெசன்ட் நகர், நீலாங்கரை போலக் கடலை ஒட்டி இருப்பவர்கள் எவர்சில்வர் கிராதி போட்டாலும் 316 ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும். 304 உப்புக் காற்றில் பழுப்பு பிடிக்கும்.

இந்த ஈர வேலைகளை எல்லாம் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி அக்டோபர் 20-ஐ ஒட்டி. ஓதம் ஏறிய சுவரின் மேல் எந்த வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தாலும் பொரிந்து உரிந்துவிடும். நாள் தவறிவிட்டால் ஜாலி, கதவுத் தடம், சிலிக்கான் மூன்றை மட்டும் செய்துவிட்டு, பெயிண்டைத் தைக்குத் தள்ளிப்போடுங்கள்.

சரி, திரைக்கு வருவோம். பிவிசி திரை போடலாம், ஆனால் பத்தடிக்கும் சேர்த்து ஒரே திரையாகப் போடாதீர்கள். ஏன் என்று எண்ணாகவே சொல்கிறேன். பத்தடிக்கு ஏழடி என்றால் ஆறரை சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அதன் மேல் நேராக அடித்தால் 110 கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். மணிக்கு 100 கிலோமீட்டரானால் அது 300 கிலோவைத் தாண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மேல் தளத்தில் நாலு ஸ்க்ரூவில் தொங்கும், திரை சுருளுகிற பெட்டி இதைத் தாங்காது. மூன்று தனித் திரையாகப் பிரித்து, நடுவில் கை அகல இடைவெளி விடுங்கள். கீழே குழாய் வைத்துத் தைத்த வகை நல்லது. அதன் இரு முனையையும் கிராதியில் கொக்கி போட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குழாயே காற்றில் ஆடிக் கண்ணாடியில் மோதும். சாதாரண மழைக்கு இறக்கலாம். பலத்த காற்று என்றால் முழுக்கச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் பால்கனி நனையத்தான் வேண்டும்.

மூங்கில் தட்டி வெயிலுக்குத்தான் ஏற்றது. மழையில் இரண்டு வாரம் நனைந்தால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், நூல் இற்றுவிடும். அழகுக்காக வேண்டும் என்றால் உள்பக்கச் சுவரில் மாட்டுங்கள். முழு பால்கனியையும் கண்ணாடியால் மூடிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். முகப்பு மாறுவதால் சங்கத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், கட்டட அனுமதி விதிகளிலும் சிக்கல் வரலாம். எனக்கு அதில் உடன்பாடும் இல்லை: மூடிய பிறகு அது இன்னொரு புழுக்கமான அறைதான்.

செயற்கைப் புல்லை இந்தப் பருவத்தில் தயவுசெய்து விரிக்காதீர்கள். அடித்துணியில் துளை இருந்தாலும் தரையோடு ஒட்டிக் கிடப்பதால் தண்ணீர் அடியில் தங்கும். தூசி சேறாகி நாற்றம் எடுக்கும், ஜாலியையும் மூடிவிடும். அதற்குப் பதில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் டெக் டைல்ஸ் பாருங்கள். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தவை. அடியில் சின்னக் கால்கள் இருப்பதால் தண்ணீர் கீழே ஓடிவிடும், மேலே கால் நனையாது, வழுக்காது. ஜாலிக்கு மேலே வரும் துண்டை மட்டும் தனியாகத் தூக்குகிற மாதிரி விட்டு, மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துக் கழுவுங்கள். வெறும் தரையில் பாசி பிடித்தால் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தால் போதும். ஆசிட் ஊற்ற வேண்டாம், கிரவுட்டை அரித்துவிடும். இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூச்சுக்கு ஆபத்து.

செடிகளைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுதுகிறேன், பால்கனியின் அழகு முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது. முதலில் எடை. நனைந்த மண் உள்ள பன்னிரண்டு அங்குலத் தொட்டி 25 கிலோவுக்கு மேல் வரும். வீட்டுப் பால்கனிகளுக்கு நம் நாட்டுக் கட்டட விதியில் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ என்று கணக்கிடுகிறார்கள். ஆட்களும் ஊஞ்சலும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் வெளி விளிம்பில் வைக்கிற எடைதான் தளத்தை அதிகம் வருத்தும். ஆகவே கனமான சிமெண்ட் தொட்டிகள் வீட்டுச் சுவரை ஒட்டி, கிராதிப் பக்கம் லேசான பைகளும் பிளாஸ்டிக் தொட்டிகளும். கிராதியில் மாட்டுகிற தொட்டி எப்போதும் உள்பக்கமாக. ஏழாவது மாடியிலிருந்து ஒரு சின்னத் தொட்டி கீழே விழுந்தாலும் உயிருக்கு ஆபத்து.

மழையை விரும்பும் செடிகளாக வாங்குங்கள். பெரணி வகைகள், மணி பிளான்ட், சிங்கோனியம், வெற்றிலைக் கொடி எல்லாம் மேகமூட்டமான வெளிச்சத்திலும் தளதளவென்று வரும். ரெயின் லில்லிக் கிழங்குகளை இப்போதே ஒரு அகலத் தொட்டியில் நெருக்கமாக ஊன்றிவிடுங்கள்; நல்ல மழை பெய்த சில நாளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒன்றாகப் பூக்கும். செம்பருத்தி காற்றில் ஒடியும், மழைக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்துவிடுங்கள். அடினியம், கற்றாழை, சதைப்பற்றுச் செடிகளை வடகிழக்கு மூலையில் வைத்தால் ஒரு வாரத்தில் அடித்தண்டு கொழகொழவென்று அழுகும். உள்சுவர் ஓரமோ ஜன்னல் ஓரமோதான் அவற்றுக்கு. துளசியும் கற்பூரவள்ளியும் நனையலாம், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. மழை நாளிலும் பழக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

தொட்டிகளைத் தரையில் நேராக வைக்காமல் ஸ்டாண்டிலோ செங்கல் துண்டுகளிலோ தூக்கி வைத்தால் அடித்துளை அடைக்காது, தரைத் தண்ணீரும் தடையில்லாமல் ஓடும். மண்ணின் மேல் கூழாங்கல் பரப்புங்கள், சாரல் மண்ணை அடித்துக்கொண்டு போகாது. அடித்தட்டுகளை டிசம்பர் வரை எடுத்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதன் முட்டை தட்டின் ஓரத்தில் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஏசி தண்ணீர் பிடிக்கிற வாளியையும் மறக்காதீர்கள்.

ஊஞ்சலுக்கு மேல் தளத்தில் கொக்கி அடிக்க வேண்டாம். அது மேல் வீட்டுக்காரரின் தரை. அவர்களிடமும் கட்டடப் பொறியாளரிடமும் கேட்காமல் துளை போடக் கூடாது. ஸ்டாண்டோடு வருகிற ஊஞ்சல் போதும். அசல் பிரம்பு நனைந்தால் கறுத்துவிடும். பிளாஸ்டிக் பின்னல் போட்டது தாங்கும். மெத்தை தினமும் உள்ளே வர வேண்டும், அதனால் கழற்றித் துவைக்கிற உறையோடு இரண்டே இரண்டு வாங்குங்கள். நிறத்தைப் பற்றி என் ரசனை: மழை நாளில் வெளிச்சம் முழுக்கச் சாம்பலாக இருக்கும், அப்போது கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும்தான் எடுபடும். உள்சுவருக்கு வெளிர் நிறம். சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிற மெத்தை என்று இப்போது எல்லோரும் போடுகிறார்கள். ஐப்பசியில் உட்கார்ந்தால் மனசே மந்தமாகும்.

விளக்குகளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பெட்டியில் ஐபி 65 என்று இருப்பதை வாங்குங்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. ஐபி 20 என்றிருந்தால் அது அறைக்குள் போடுவது. பால்கனி சாக்கெட்டுக்கு மூடி போட்ட பெட்டி வேண்டும், அந்த லைன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வர வேண்டும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சூரிய ஒளி விளக்கு கார்த்திகை மாதத்தில் சரியாக சார்ஜ் ஏறாது. கார்த்திகை தீபத்துக்கு அகல்களைக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக வைப்பது பார்க்க அழகுதான், ஆனால் வாடைக்காற்றில் நிற்காது, தட்டினால் கீழே விழும். தரையில் வடக்கு மூலையில், கைப்பிடிச் சுவரின் மறைவில் கோலம் போட்டு வையுங்கள். பிவிசி திரைக்குக் கிட்டே வேண்டாம்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் திரைகளைச் சுருட்டிக் கட்டி, தொங்கும் தொட்டிகளை இறக்கி, லேசான எல்லாவற்றையும் ஹாலில் பழைய பெட்ஷீட் விரித்து அடுக்கிவிடுங்கள். ஜாலிக்கு மேலே உள்ள டெக் துண்டை எடுத்துவிட்டு, விளக்குகளின் பிளக்கைப் பிடுங்கி, கதவுத் தடத்தின் உள்பக்கம் துண்டைச் சுருட்டி வையுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது இருந்தவர்களுக்குத் தெரியும்: காற்று கொஞ்ச நேரம் அடங்கிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அடித்தது. காற்று நின்றுவிட்டது என்று உடனே போய்த் திரையை இறக்கக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் பால்கனியின் கூரையில் ஈரத் திட்டு தெரிந்தால், காரணம் உங்கள் வீட்டில் இல்லை. மேல் தளத்தின் விளிம்பில், அடிப்பக்கத்தில் தண்ணீர் சொட்டுவதற்கான பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் விளிம்பிலிருந்து உள்பக்கமாக ஊர்ந்து வரும். விளிம்பில் எல் வடிவ அலுமினியப் பட்டை ஒட்டினால் நின்றுவிடும், ஆனால் கயிறு கட்டி வேலை செய்யப் பழகிய ஆட்களை வைத்துத்தான் செய்ய வேண்டும், ஸ்டூல் போட்டு நீங்கள் ஏற வேண்டாம். ஈரம் விளிம்பில் இல்லாமல் கூரையின் நடுவில் இருந்தால், மேல் வீட்டாரிடம் மழை இல்லாத நாளாகப் பார்த்து அவர்கள் பால்கனி ஜாலியை அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் முழுக்க விடச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் கசிந்தால் அவர்கள் தரையில்தான் வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டும். உங்கள் கூரையில் எதைப் பூசினாலும் நிற்காது.